நின்ற வண்டியிலிருந்து குதித்தவர்கள்

பனியில் நனைந்த கயிறு இரும்புக்குச் சமம். விடியும் நேரத்தில் அதை அவிழ்க்க விரல்கள் மட்டும் போதாது, முழங்காலையும் பல்லையும் துணைக்குக் கூப்பிட வேண்டும். அன்று லாரியின் மேல், தார்ப்பாய்மீது குப்புறப் படுத்து ஒரு முடிச்சைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வாயெல்லாம் டீசலும் சணலும். கீழே என் மச்சான் பின்பக்கக் கயிற்றைத் தோளில் சுற்றிப் பின்னால் சாய்ந்து நின்றான். மனைவியின் தம்பி. பக்கத்து வரிசையில் நிற்கும் லாரி அவன் ஓட்டுவது. அதன் தார்ப்பாயை முதலில் இரண்டு பேருமாக அவிழ்த்து மடித்துவிட்டு என்னுடையதற்கு வந்திருந்தோம். போன வருடம்வரை இது சுமை இறக்குகிறவர்களின் வேலை. அவர்களில் பாதிப் பேரைக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பிய பிறகு எங்கள் தலையில் விழுந்தது.

"மாமா, அது கயிறுதான? கடிச்ச கடியில உங்க பல்லு வந்துடப் போவுது."

"பல்லு போனா அக்காகிட்ட நீ பதில் சொல்லு."

"அக்கா சந்தோஷப்படுவா. சோறு மிச்சம்."

முடிச்சு விட்டுக்கொடுத்தது. தார்ப்பாயில் தேங்கியிருந்த பனிநீர் சரிந்து அவன் கழுத்துக்குள் இறங்கியது. சிரித்தபடியே ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அவன் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. என்னுடையவையும் அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் அந்த வண்டிப்பேட்டைக்குள் வந்து அது மூன்றாவது காலை.

நாலு ஆள் உயரச் சுவர், ஒரே வாசல், அதில் இரும்புக் கம்பிக் கதவு. உள்ளே இரண்டு வரிசைகளில் நாற்பது லாரிகள். ஒலிபெருக்கி ஒரு நம்பரைக் கூப்பிடும். அந்த லாரி கிடங்குக்குள் போகும். அந்த வரிசை முழுவதும் எஞ்சினைப் போட்டு ஒரு லாரி தூரம் முன்னால் நகர வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவையோ, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையோ, சொல்ல முடியாது. நகராதவனின் நம்பர் கடைசிக்குப் போய்விடும். கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவன்தான். அதனால் தூங்குவதற்கென்று சீட்டை விட்டு யாரும் இறங்குவதில்லை. சீட்டுக்குப் பின்னால் இரண்டு முழ அகலத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதைக் கட்டில் என்று கம்பெனி சொல்கிறது. அதில் ஏறிப் படுத்தால் நம்பர் காதில் விழாதோ என்ற பயத்தில் ஸ்டியரிங்மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்வோம்.

எங்களோடு வண்டி ஓட்டும் நெட்டையன் பிளாஸ்க்கோடு வந்தான். அவனுக்கு அந்தப் பலகையில் இடுப்புவரைதான் இடம்.

"கனவு கண்டேன்டா. பாலத்தடிக் கடை. அக்கா என் காலுக்கு ஸ்டூல் போடுறாங்க."

எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பழைய சாலையில் பாலத்தை ஒட்டி இருந்த கடை அது. முன்னால் டீக்கடை, பின்னால் நீண்ட கூடம், அதில் பதினான்கு இரும்புக் கட்டில்கள். நெட்டையன் படுத்தால் கால் கட்டிலுக்கு வெளியே நீளும். கடைக்கார அக்கா அதற்கென்று ஒரு ஸ்டூல் வைத்திருந்தார். ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். பகலில் படுத்தால் குளத்தின் அடியில் கிடப்பதுபோல இருக்கும். மேலே எங்கோ லாரிகள் போகும் சத்தம் தண்ணீர் வழியாக வருவதுபோல வரும். வெந்நீர்த் தொட்டி, ஒரே ஒரு கண்ணாடி, அதன்முன் சவரத்துக்கு முண்டியடிக்கும் ஐந்து முகங்கள். மற்ற நேரங்களில் நான் அங்கே போனதை நினைக்கவே மாட்டேன். தூக்கம் இல்லாத நாட்களில் மட்டும் அந்தப் பச்சை வெளிச்சம் தானாக வரும்.

"கம்பெனியிலேர்ந்து போன் வந்தா அக்கா என்ன சொல்லும், ஞாபகம் இருக்கா?" என்றான் மச்சான்.

நெட்டையன் இடுப்பில் கை வைத்துக் குரலை மாற்றினான். "தூங்குற மனுசன எழுப்பிக் கொடுக்கிறதுக்கு நான் கடை நடத்தல. எழுந்தா சொல்றேன், வைங்க போனை."

சிரித்தோம். பிற்பாடு மேம்பாலம் வந்து சாலை மேலே போய்விட்டது. வண்டி பத்து நிமிடம் நின்றாலே கம்பெனிக்குக் காட்டிக்கொடுக்கும் கருவி வந்தது. கடை ஒரு மழைக்காலத்தில் மூடப்பட்டது.

"பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன் மாமா. எங்க வரிசை நகந்தா ஹாரன் அடிங்க." மச்சான் ஏறிக் கதவைச் சாத்தினான்.

அவன் வரிசை நகரவில்லை. என் வரிசைதான் நகர்ந்தது. எஞ்சினைப் போட்டு மெதுவாக முன்னால் உருட்டினேன். என் லாரியின் நீண்ட உடம்பு அவனுடைய ஜன்னலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு கதவு சுவரில் மோதுவதுபோல ஒரு சத்தம். அதன்பின் அவன் குரல்.

வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடினேன். என் பின்சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே அவனுடைய இடது கால் இருந்தது. முகம் வெளிறி, கண்கள் மட்டும் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தன.

"பிரேக்கை மிதிச்சேன் மாமா," என்றான். "நல்லா மிதிச்சேன். நிக்கவே இல்ல. பின்னாடி உருண்டுகிட்டே போச்சு."

அவன் லாரி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கைப்பிரேக் போட்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டது. நான் கூடப் போவதற்காக ஏறினேன். கம்பெனி மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இறக்கினார். "மோதின வண்டியோட டிரைவர் நீ. முதலாளி வர்றவரைக்கும் எங்கயும் போகக் கூடாது." கம்பிக் கதவு மூடிக்கொண்டது. அதன் கம்பிகளைப் பிடித்தபடி, விளக்குச் சுழலும் அந்த வெள்ளை வண்டி திரும்பும்வரை நின்றேன். உள்ளங்கையில் துரு ஒட்டியது.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். எடைமேடை அறையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த அறையில் அதற்குமுன் நான் உட்கார்ந்ததில்லை.

"டீ சாப்பிட்டீங்களா டிரைவர்?"

"ஆச்சுங்க."

தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். வாசித்தேன். மேற்படி ஓட்டுநர் மது அருந்திய நிலையில், நின்றிருந்த தன் வாகனத்திலிருந்து தானே குதித்ததை நான் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது.

"அவன் குடிக்கலைங்க."

"நின்ன வண்டிங்க. ஹேண்ட்பிரேக் போட்டு நின்ன வண்டி. அதுலேர்ந்து புத்தி தெளிவா இருக்கிற எவனாவது குதிப்பானா?"

"தூக்கக் கலக்கம். பக்கத்துல என் வண்டி நகந்ததும் தன் வண்டி உருளுதுன்னு நினைச்சுட்டான்."

"நானும்தான் வண்டியில தூங்குறேன். ஒரு நாள் குதிச்சதில்லையே."

"நீங்க பின்சீட்டுல தூங்குறீங்க."

மேனேஜர் என்னை முறைத்தார். முதலாளி முறைக்கவில்லை. அவர் குரல் இன்னும் மென்மையாயிற்று.

"சரி, அவர் குடிக்கல. அப்ப தப்பு யாரோடது? ஒரு மனுசன் கால்மேல வண்டி ஏத்தினது யாரு? போலீஸ் கேட்கும். உங்க லைசென்ஸ் போகும். அவர் இனிமே ஓட்டப் போறதில்ல. ரெண்டு குடும்பம், ஒரு டிரைவர்கூட மிச்சமில்லன்னா எப்படி? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"குடிச்சான்னு எழுதினா அவனுக்கு ஆஸ்பத்திரி, நஷ்டஈடு?"

"அது அப்புறம்," என்றார் அவர்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சுவர்கள் அதே இடத்தில்தான் இருந்தன. ஆனாலும் பேட்டை சுருங்கிப்போனதுபோல இருந்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் இருபது அடியில் ஒரு லாரியின் முகம். போன் அடித்தது. என் மனைவி.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டுபோயிருக்காங்க. காலை வைக்கிறதா எடுக்கிறதான்னு பாத்துட்டுச் சொல்றாங்களாம்." அவள் அழவில்லை. அழுது முடித்த குரல். "இங்க ஒருத்தர் வந்தாரு, கம்பெனியாம். இவன் குடிப்பானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"என் தம்பி காபிகூடக் குடிக்க மாட்டான்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவள் போனை வைத்துவிட்டாள்.

நெட்டையன் லாரியின் நிழலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. தாளை எடுத்து உரக்க வாசித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் லைசென்ஸ் இருக்கிறது, வீடு இருக்கிறது. டயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது வாத்தியார். செய்தித்தாளை வரி விடாமல் வாசிப்பவர் என்பதால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருடங்களில் வண்டியில் ஒரு கீறல்கூட விழாதவர். எல்லா முதலாளிகளும் உதாரணம் காட்டும் ஆள்.

"நானும் குதிச்சிருக்கேன்," என்றார்.

நாங்கள் நிமிர்ந்தோம்.

"ரயில்வே கேட்ல. கேட் சாத்தியிருக்கு, வண்டியை நிறுத்திட்டுத் தலையைச் சாய்ச்சேன். கண்ணைத் திறக்கறேன், முன்னால ரயில் ஓடுது. எனக்கு ரயில் ஓடுறதாத் தெரியல. நான் ஓடுறதாத்தான் தெரிஞ்சுது. பிரேக்கை மிதிக்கறேன், நிக்கல. குதிச்சுட்டேன். தோள்பட்டை இறங்கிடுச்சு." சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு வீட்டுல சொன்னேன். பதினோரு வருசம் ஆச்சு. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுச்சுன்னு நினைச்சேன். வெளிய சொன்னா யாரு வண்டி கொடுப்பா?"

"எனக்குப் பெட்ரோல் பங்க்ல," என்றான் ஒருவன் மெதுவாக. "கதவைத் திறந்துட்டேன். பம்ப் போடுற பையன் பிடிச்சுக்கிட்டான்."

"எனக்கு இங்கயேதான். போன வாரம்."

"நானும் குதிக்கத்தான் பாத்தேன்," என்றான் நெட்டையன். "காலு ஸ்டியரிங்ல சிக்கிக்கிச்சு. உயரமா பொறந்ததுல ஒரே லாபம்."

சிரிப்பு வந்தது. வலிக்கும் பல்லைத் தொட்டுப் பார்ப்பது போன்ற சிரிப்பு. நான் என்னுடையதைச் சொன்னேன். வீட்டில் தூங்கும்போது என் மனைவியின் பாதத்தைப் பிரேக் என்று நினைத்து மிதித்து நசுக்கியிருக்கிறேன். காலையில் அவள் நொண்டுவாள். கனவு என்று சமாளித்திருக்கிறேன்.

ஒவ்வொருவரும் இதைத் தன் ஒருவனுடைய கோளாறு என்று நினைத்து, உடம்பில் மறைத்த கட்டியைப்போல வருடக்கணக்கில் சுமந்திருக்கிறோம். ஒரே சாலையில், ஒரே டீக்கடைகளில், தோளோடு தோள் உரசிக்கொண்டு.

"பாலத்தடியில யாராவது குதிச்சோமா?" என்று கேட்டார் வாத்தியார்.

யோசித்தோம். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தவர்கள் உண்டு. குதித்தவர் இல்லை.

"கண்ணைத் திறந்தா கூரைதான தெரியும்," என்றான் நெட்டையன். "கூரை எங்க நகரப் போகுது?"

யாரும் சிரிக்கவில்லை. பகலில் படுக்க ஒரு கூரையும், நம்பருக்குக் காத்திராத ஒரு காதும் இருந்திருந்தால் என் மச்சான் இந்நேரம் இரண்டு கால்களிலும் நின்றுகொண்டிருப்பான். நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. வாத்தியாரிடம் பேனா வாங்கி, மட்கார்டின்மேல் வைத்து எழுதினேன். வண்டியை ஓட்டியது நான். அவன் குடிக்கவில்லை. மூன்று நாட்களாகத் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. முதல் வரி என் லைசென்ஸை எடுத்துவிடலாம் என்று தெரிந்தே எழுதினேன்.

வாத்தியார் கீழே எழுதினார்: நின்ற வண்டியிலிருந்து நானும் குதித்திருக்கிறேன். இடம், வருடம், கையெழுத்து. அதன்கீழ் அடுத்தவர். பேட்டையில் செய்தி வண்டிக்கு வண்டி தாவியது. கதவுகள் திறந்தன. ஆட்கள் லுங்கியோடும் பல் துலக்கும் குச்சியோடும் வந்தார்கள். எழுதத் தெரியாத ஒருவர் சொல்லச் சொல்ல நெட்டையன் எழுதினான். கடைசியில் ஒரு வரியை எல்லோருமாகச் சேர்த்தோம்: படுத்துத் தூங்க ஓர் அறையும், தூங்கும்போது இழக்காத நம்பரும் கிடைக்கும்வரை வண்டியை எடுக்க மாட்டோம்.

என் வரிசையின் முதல் லாரிக்காரர் மட்டும் வரவில்லை. "ரெண்டு பொண்ணு கட்டிக் கொடுக்கணும்பா. என்னை விட்டுடுங்க," என்று ஜன்னலை ஏற்றிக்கொண்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஒலிபெருக்கி அவருடைய நம்பரைத்தான் கூப்பிட்டது. ஒரு தடவை. இரண்டு தடவை. அவர் எடுத்தால் வரிசை நகரும். பயந்த இன்னொருவன் எடுப்பான். அதோடு எல்லாம் கலைந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் அவர் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எஞ்சின் கிளம்பவில்லை.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னய்யா இது, வேலைநிறுத்தமா? கொண்டா அந்தத் தாளை."

தாள் அப்போது வாசலில் இருந்தது. வெளியே சாலையில் உள்ளே வரக் காத்திருந்த வேறு கம்பெனி லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் முதலில் நின்ற லாரியின் டிரைவர் இறங்கிவந்து கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, "உள்ள என்னப்பா, செத்துட்டீங்களா?" என்று கத்தினான். யாரோ தாளை நீட்டினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே வாசித்தான். வாசிக்க வாசிக்க வாய் மூடிக்கொண்டது. திரும்பிப்போய் வண்டியை அணைத்துவிட்டு வந்தான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு ஹாரனாக நின்றது.

"எனக்குப் போன மாசம்," என்றான். இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். "படியில விழுந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டினான். "பேனா கொடுங்க."

என் போன் அடித்தது. அவள்தான். என்ன செய்தி வரப்போகிறது என்று தெரியாமல், ஆனால் சொல்வதற்கு ஒரு பதிலோடு எடுத்தேன்.

மேனேஜர் தாளைப் பறிக்கக் கை நீட்டினார். வாத்தியார் குறுக்கே வந்து நின்றார்.

"இருங்க சார்," என்றார். "வெளியில நிறையப் பேர் எழுத வேண்டியிருக்கு."