வெள்ளிமேட்டில் அறுபது சென்ட்

“அந்தப் புள்ளய நடுவீட்டுல உக்கார வைக்கப் போறீகளா?”

அடுக்களை வாசலில் நின்றபடி என் மனைவி வெள்ளையம்மாள் கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது; பார்வை தாழவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சிநேகா நின்றிருந்தாள். முப்பது வருஷம் எங்கள் மிளகாய்க் காட்டில் வேலை பார்த்த மலையாண்டியின் மகள். வரச்சொன்னது நான்தான்.

நயினார்கோவில் வட்டாரத்தில் இந்த முத்துகிருஷ்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. எந்த விழாவானாலும் மைக்கைப் பிடித்து, “சாதியெல்லாம் அந்தக் காலம்” என்று முழங்குகிறவன் நான். கைதட்டல் நிறைய வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் மனைவிக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

“சே, உள்ள எதுக்கு? வெளியதான் காத்து நல்லாருக்கு.”

சித்திரை மாதத்து மத்தியானம். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நானே தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டேன். அவளுக்கும் சரிசமமாக நாற்காலி! அதையே பெரிய புரட்சியாக நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது. மூன்று வருஷமாகப் பருவம் தப்பிய மழையில் மிளகாய் அழுகிப்போனது. மலைமேல் வளர்ந்துவரும் வெள்ளிமேட்டில் இடம் வாங்கி லாட்ஜ் கட்டலாம் என்றான் மகன் தங்கப்பாண்டி. அந்த ஊருக்கு வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிற நிறுவனத்தில்தான் சிநேகாவுக்கு வேலை. விடுமுறைக்கு வந்திருந்தாள்.

“சொல்லு தாயி, அந்த ஊரு நெசமாவே வளருமா?”

“வளருதுய்யா. காய்கறிச் சந்தை பெருசாகுது. காலேஜு வந்திருச்சு. ரோட்ட அகலப்படுத்துறாக. ஆனா ஏரிக்கரைப் பக்கம் வாங்கிராதீக, மழைக்குச் சரியும். சந்தைக்கு மேக்க பாருங்க. லாட்ஜு வேணாம். சீசனுக்குத்தான் ஆளு வரும். படிக்க வாரவுக, வேலைக்கு வாரவுக தங்குற மாதிரி விடுதி கட்டுங்க. வருஷம் பூரா நெறஞ்சிருக்கும்.”

தரையில் குச்சியால் கோடு கிழித்து அரைமணி நேரம் விளக்கினாள். வியர்வை அவள் கழுத்து வழியே இறங்கியது. உள்ளே ஆளில்லாத கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் நானும் தங்கப்பாண்டியும் வெள்ளிமேட்டுக்குப் போனோம். சந்தைக்கு மேற்கே அறுபது சென்ட். இடத்துக்காரர் மாலதி, ஓய்வுபெற்ற நர்ஸ். ஏற்கெனவே நாலு பேரைத் திருப்பி அனுப்பியவர். சிநேகா கூட வந்ததால்தான் எங்களுக்குக் கேட் திறந்தது.

“உள்ள வாம்மா” என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நாங்கள் பின்னால் போனோம்.

“இங்க இடம் வாங்குறவங்கல்லாம் கட்டடத்தக் கட்டிட்டு, நீ என்ன ஆளுன்னு கேட்டுத்தான் ரூம் கொடுக்குறாங்க. என் நிலத்துல அது நடக்கக் கூடாது. சிநேகா சொன்னா நம்பிக் கொடுப்பேன்” என்ற மாலதி, என் பக்கம் திரும்பினார். “ஆமா, சிநேகா உங்களுக்கு என்ன வேணும்?”

மேடையில் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

“எம்மக மாதிரிங்க. எங்க வீட்டுப் புள்ள.”

சொல்லும்போது குரல்கூடத் தழுதழுத்தது. ஒரு நிமிஷம் நானே அதை நம்பிவிட்டேன். தங்கப்பாண்டி தரையைப் பார்த்தான்.

சிநேகா கோபப்படவில்லை. மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்:

“மக இல்ல மேடம். இவுக காட்டுல எங்கப்பா முப்பது வருஷம் வேலை பாத்தாரு. இவுக வீட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் உள்ள கூப்பிட்டதில்ல. எடம் நல்ல எடம். அத நான் மாத்திச் சொல்ல மாட்டேன். குடுக்குறது உங்க இஷ்டம்.”

“அப்படியா சார்?” என்றார் மாலதி.

“ஆமாங்க” என்று தங்கப்பாண்டிதான் சொன்னான்.

மாலதி எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். மரியாதையாகக் கேட் வரை வந்து வழியனுப்பினார். இடத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

பஸ் மலையிறங்கத் தொடங்கியதும் வெள்ளையம்மாள் போன் செய்தாள். “எடம் முடிஞ்சிருச்சா?”

“அந்த எடம் நமக்குச் சரிப்பட்டு வராது” என்றேன், நிலம் பார்ப்பதில் பழுத்தவன் போல.

தங்கப்பாண்டி என் கையிலிருந்து போனை வாங்கினான்.

“அம்மா, எடம் நல்ல எடம். நாமதான் சரிப்பட்டு வரல.”