மேட்டடியில் திரும்பிய பாதை

காட்டு ஓட்டப் பாதையை அளப்பது அளவுச் சக்கரத்தை உருட்டுகிற வேலைதானே என்பவர்களைக் கண்டாலே விளையாட்டு ஆசிரியைக்கு எரிச்சல் வரும். வளைவில் ஓடுகிறவர்கள் எங்கே ஒட்டித் திரும்புவார்கள் என்று பார்த்து, அந்தக் குறுகிய வழியிலேயே உருட்ட வேண்டும். நடுவில் உருட்டினால் கணக்கு அம்பேல்.

போன வருடம்வரை அளந்தது அவள் கணவர். மாரடைப்பில் அவர் போய் ஏழு வாரம் ஆகிறது. அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற வருத்தமும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரர்கள் காதுபடவே பேசினார்கள். பேசட்டும்.

இந்த வருடப் போட்டிக்காக, அவர் அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் குறிகளின் வழியே இன்று அவள் உருட்டினாள். போன வருடம் அப்பாவோடு போனதுபோலவே மகள் கொடிகளை நட்டபடி முன்னால் போனாள். போன வருடம் இதே பாதையில்தான் மகள் பள்ளிச் சாதனையை முறியடித்தாள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று ஊரே மெச்சியது. அந்த நேரத்தை வைத்துத்தான் மாநில அணியில் இடம் கிடைத்தது. அடுத்த மாதம் அணியோடு போட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

ஐயாயிரம் மீட்டர் இருக்க வேண்டிய பாதை 4,760இல் முடிந்தது. சக்கரத்தை நாடாவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி உருட்டினாள். அதேதான்.

வரைபடத்தில் பாதை மேட்டின் உச்சிக்குப் போய்த் திரும்பியது. பெயின்ட் குறிகளோ மேட்டடியிலேயே திரும்பியிருந்தன.

"உங்கப்பா ஏன் மேல ஏறல?"

மகள் கையிலிருந்த கொடிகளைக் கீழே வைத்தாள். "ஏற முடியலம்மா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே உக்காந்துட்டார். அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னார்."

ஒரு வருடம். எத்தனை டாக்டரிடம் காட்டியிருக்கலாம்.

"அவர் சொன்னா? உனக்கு வாய் இல்லையா?"

"முதல்ல அப்பா சொன்னதால சொல்லல. அப்புறம் நான் ஜெயிச்சிட்டேன். சொன்னா நீ பாதையை அளப்பே, சாதனை போயிடும். அதனால சொல்லல."

சொல்லிவிட்டு மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அறைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கை எழவில்லை. அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. அதற்கும் எழவில்லை. அளவைப் படிவத்தை எடுத்து 4,760 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கு மட்டும் கை வந்தது.