அக்காவுக்காக நான் சொன்ன பதில்கள்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டாக்டரின் அறையில், என் அக்காவிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னபோது பிறந்தது. பதில் தப்பு. தெரிந்து சொன்ன தப்பு இல்லை, பெருமையில் சொன்ன தப்பு.

அக்கா சித்தாள். கட்டடம் எழும்பும் இடங்களில் கல், மணல், கலவை எல்லாம் தலையில் சுமப்பவள். முப்பது வருசமாக. நாங்கள் வளர்ந்ததே கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்குள்தான். கட்டி முடிந்தால் வேறு ஆட்கள் குடிவருவார்கள், நாங்கள் தட்டுமுட்டு மூட்டையோடு அடுத்ததற்குப் போவோம். நானும் இருபத்தைந்து வயது வரை சுமந்தேன். பிறகு ஒரு அச்சகத்தில் பிழை திருத்த உட்கார்ந்து, அப்படியே எழுத ஆரம்பித்தேன். அக்கா இன்னும் சுமக்கிறாள்.

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"அக்காவின் இதயம் ஒரு பூட்டிய" [விட்டுவிட்டேன். இதயம் என்று எழுதினாலே பேனா பாட்டுப் பாடப் போய்விடுகிறது. இது நாலு அறையும் நாலு கதவும் உள்ள சதைப் பம்பு. அதில் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.]

"அன்று காலை மழை" [பெய்யவில்லை.]

"கலவைச் சட்டி கைமாறும் வரிசையில் அக்கா ஒரு நாள் கீழே உட்கார்ந்துவிட்டாள்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

உட்கார்ந்தவள் எழுந்திருக்கக் கால் மணி நேரம் ஆனதாம். மேஸ்திரி எனக்குப் போன் பண்ணினார்.

"உங்க லிஃப்ட்டு நின்னுடுச்சு தம்பி. வந்து கூட்டிட்டுப் போங்க."

வேலையிடத்தில் அக்காவுக்கு அதுதான் பேர். ஒரு காலத்தில் தலையில் பதினாறு செங்கல்லோடு மூன்றாவது மாடிக்குப் போய், அடுத்தவள் ஏற ஆரம்பிக்கும் முன் இறங்கிவிடுவாள். அதனால் லிஃப்ட்டு.

நான் போனபோது நெஞ்சைப் பிடித்தபடி மணல் குவியலில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எதுக்குடா வந்த? செத்தா போயிட்டேன்?"

"டாக்டர்கிட்ட போலாம்க்கா."

"வெயில்ல வேலை செஞ்சா ஆடுகூடத்தான் உக்காரும். ஆட்டைக் கூட்டிட்டுப் போவியா?"

கூட வேலை பார்க்கும் பெண்கள் இருவர் அவளை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி என் வண்டியில் உட்கார வைத்தார்கள். "இறங்கினீன்னா சாயங்காலம் உன் கஞ்சியை நாங்க குடிச்சிடுவோம்" என்றாள் ஒருத்தி. அந்த இரண்டு பேருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் படவில்லை. கதாசிரியனுக்குப் பட்டிருக்க வேண்டும். பட்ட மாதிரி எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

3

டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பச்சை ரெக்சின் உறை கிழிந்த பரிசோதனைக் கட்டில், செகண்டு முள் ஓடும் சுவர்க்கடிகாரம். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான்: "மூணு மாடி செங்கல் தூக்குற ஆளுங்க இவங்க."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா?"

"அதெல்லாம் சொன்னதே இல்லைங்க."

"ராத்திரி தூங்கும்போது தலைக்கு எத்தனை தலையணை?"

எதற்குக் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.* சிரித்துக்கொண்டு சொன்னேன்: "எங்க வீட்ல யாருக்கும் தலையணைப் பழக்கமே கிடையாதுங்க. வெறுந்தரைதான்."

அவர் ஒரு சைபர் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நெஞ்சு யாருக்கு வலிச்சது? உங்களுக்கா, அவங்களுக்கா?"

"அவங்களுக்கு."

"அப்ப அவங்க சொல்லட்டும். நீங்க அந்தக் கட்டில்கிட்ட போய் நில்லுங்க."

அக்கா சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. "இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் டாக்டரம்மா. எனக்குப் பசிச்சாக்கூட இவன்தான் சொல்லுவான்."

(* நெஞ்சு சரியாக வேலை செய்யாதவர்களுக்கு, மட்டமாகப் படுத்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும். அதனால் தலையை உயர்த்திப் படுப்பார்கள். நோய் முற்ற முற்றத் தலையணை கூடும். தலையணையே இல்லாதவர்களை எப்படி எண்ணுவது என்று அந்தக் கேள்வியில் இல்லை.)

4

எழுதுகிறவனுக்கு இது பெரிய அடி. நான் பிழைப்பதே அடுத்தவர் வாக்கியத்தை முடித்துக் கொடுத்துத்தான். இந்தப் பத்தியில் டாக்டரைக் கொஞ்சம் முரட்டு ஆளாக ஆக்கி என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரைவு எழுதினேன். அதில் அவர் மேசையைத் தட்டுகிறார். கிழித்துவிட்டேன். அவர் எதையும் தட்டவில்லை. நாற்காலியை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"போன வருசம் செஞ்சுக்கிட்டிருந்து இப்ப செய்யாம விட்டது என்னென்ன?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மூட்டையை அவிழ்க்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். எனக்குத் தெரியாத ஒரு வருசம் அதிலிருந்து கொட்டியது.

"மாடி ஏறுறதில்லை. எட்டுப் படி ஏறினா நெஞ்சுக்குள்ள காத்து பத்தலை. வரிசையில நிக்கிற பொண்ணுங்ககிட்ட சொன்னேன். அவளுங்க என்னைக் கீழ்ப்படியில நிறுத்திக்கிட்டாளுங்க. சட்டியில கலவையை அள்ளிக் குடுக்குறது மட்டும் என் வேலை. அப்புறம் அதுவும் முடியலை. மணல் சலிச்சேன். மேஸ்திரி வந்தா மட்டும் ஒருத்தி தன் சட்டியை என் தலையில வெச்சிட்டு நகர்ந்துக்குவா. ரெண்டு நிமிசம் நின்னா போதும், அவர் போயிடுவார்."

"மேஸ்திரிக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா நிறுத்திடுவார். சுமக்காத லிஃப்ட்டை எவன் வெச்சுக்குவான்?"

டாக்டர் எழுதினார். நிறைய எழுதினார். நான் கட்டிலருகே நின்றுகொண்டு, எட்டுப் படி என்பதை மனதுக்குள் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசலுக்கு நாலு படி.

5

டாக்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் இருந்தார். அரை நிமிடம் பிடித்து இரண்டால் பெருக்குகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்த விரல் துடிப்புக்குத் துடிப்பு லேசாக அசைந்தது. ஒரே சீராக அசையவில்லை. இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று காணாமல் போனது, மூன்று அவசரமாக வந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி எடுத்தார். ஈரச் சிமெண்டில் அழுத்தின மாதிரி குழி அப்படியே நின்றது.

"செருப்பு இறுக்குதுன்னு ரெண்டு மாசமா வெறுங்கால்தான்" என்றாள் அக்கா. யாரும் கேட்காமலே பதில் வர ஆரம்பித்திருந்தது.

"மல்லாக்கப் படுங்க."

படுத்தாள். டாக்டர் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி முடிப்பதற்குள் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"கட்டில் மேடுபள்ளமா இருக்கு டாக்டரம்மா."

"வீட்ல எப்படிப் படுப்பீங்க?"

"எங்க படுக்குறது? சுவத்துல சாஞ்சு உக்காந்த மேனிக்குத் தூங்கிடுவேன். ஏழெட்டு மாசமா அப்படித்தான். இவன் வெளித் திண்ணையில படுக்குறவன், பார்த்ததில்லை."

டாக்டர் மேசைக்குப் போய் அந்தச் சைபரை அடித்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கட்டிலின் தலைப்பக்கத்தைச் சாய்வாக நிமிர்த்தி, அக்காவின் முகத்தை இடப்பக்கம் திருப்பி, கழுத்து நரம்பு எவ்வளவு உயரம் வரை எழும்பித் துடிக்கிறது என்று குனிந்து பார்த்தார். நெஞ்சில் உள்ளங்கையைப் பதித்து அதிர்வைப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பின் முகத்தைக் கையில் தேய்த்துச் சூடாக்கி மார்பில் வைத்தார்.

[தேய்க்கவில்லை. அது நான் சேர்த்தது. நேராக வைத்தார், அக்கா "ஐஸ் கட்டி மாதிரி இருக்கு" என்று நெளிந்தாள். டாக்டர் "தேய்ச்சுச் சூடாக்கக் கை ஒழியலை, மன்னிச்சுக்குங்க" என்றார். அன்பான டாக்டர் என்று காட்ட நான் போட்ட பொய்யைவிட அது நன்றாக இருக்கிறது.]

"இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. மூச்சை முழுசா வெளிய விட்டு நிறுத்துங்க."

அந்த நிலையில் கேட்டார். மறுபடி கேட்டார். பிறகு நான் எதிர்பார்க்காததைச் செய்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அக்காவின் காதில் மாட்டினார்.

"என்ன கேக்குது?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தூரத்துல கலவை மெஷின் ஓடுது."

"கடகடன்னா?"

"ஆமா. ஈரக் கலவையில்லை. ஜல்லி மட்டும் போட்டு உருட்டுனாப்புல."

இதே சத்தத்துக்கு என் நோட்டில் ஏழு உவமை வைத்திருந்தேன். ஏழையும் அடித்துவிட்டேன்.

6

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா? தொண்டை வலி வந்து, அதுக்கப்புறம்?"

"எனக்கா? இல்லையே."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். நெஞ்சு யாருக்கு வலித்தது என்ற கேள்வி இன்னும் காதில் இருந்தது. இரண்டாவது தடவை திறந்து மூடியதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"இதுக்கு மட்டும் நீங்க சொல்லலாம்."

சொன்னேன். அக்காவுக்குப் பதினொன்று, எனக்கு எட்டு. ஒரு முழங்கால் வீங்கியது, அது வற்றி மற்றது வீங்கியது, பிறகு முழங்கை. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். நாலு ஊசி போட்டோம். கட்டடம் முடிந்தது, அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். ஊசி அந்த ஊரிலேயே நின்றுவிட்டது.

"டேய், அது உனக்குடா" என்றாள் அக்கா.

"உனக்குத்தான்க்கா."

"உன்னைத்தானே நான் இடுப்புல வெச்சுக்கிட்டு ஊசிக்குப் போனேன். எட்டு வயசுக் கழுதை, நடக்க மாட்டேன்னுட்ட."

"நான் கால் வலின்னு பொய் சொன்னேன். உனக்கு ஊசி போட்டு முடிச்சு, திரும்பும்போது என்னையும் தூக்கிட்டு வந்த."

"வீங்குன கால வெச்சுக்கிட்டா உன்னைத் தூக்குனேன்? போடா."

[வாசகரே, எனக்கும் இப்போது சந்தேகம் வந்துவிட்டது. நான் எழுதி எழுதி ஒரு காய்ச்சலை அக்காவுக்கு மாற்றிவிட்டேனா? பிழை திருத்துகிறவனுக்கு மூலப் பிரதி வேண்டும். அம்மா இல்லை, அப்பா இல்லை.]

டாக்டர் என்னைப் பார்த்தார். "சட்டையைக் கழட்டுங்க."

அக்காவை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, என்னைக் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து என் நெஞ்சையும் கேட்டார். மூச்சை நிறுத்தச் சொன்னார். அக்கா எழுந்து வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அந்த அளவுக்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

"சுத்தமா இருக்கு. காய்ச்சல் அவங்களுக்குத்தான்."

அக்கா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பாடா" என்றாள்.

7

டாக்டர் சொன்னது இது. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு ரத்தம் இறங்கும் கதவு, சின்ன வயசுக் காய்ச்சலில் தழும்பேறிச் சுருங்கிப் போயிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தோதாக இருந்தால் தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டே திறந்துவிடலாம். வியாழக்கிழமை காலை வரச் சொல்லிக் கடிதம் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். அதுவரை ஒரு செங்கல்கூடத் தூக்கக் கூடாது. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டாள். ஒரு நாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போகும் என்றார், அதே குரலில்.

முதல் முடிவில் அக்கா போகிறாள், கதவு திறக்கிறது, மல்லாக்கப் படுத்துத் தூங்குகிறாள். படிக்க எனக்கே இனிப்பாக இருந்தது. நடந்த மாதிரி எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று நம்புகிற வயது இல்லை எனக்கு. இரண்டாவது முடிவை எழுத உட்கார்ந்தேன். "அக்கா அன்று" [இதை எழுத மாட்டேன்.]

இன்று புதன்கிழமை. சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். நாளைக்குத் தளம் போடுகிறார்கள், ஆள் பத்தவில்லை. "நிழல்ல உக்காந்து தண்ணி ஊத்துனா போதும், ஆள் கணக்குல பேரு நிக்கும்" என்றார். அக்கா ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதத்தையும், வேலைக்குத் தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியையும் ஒரே பையில் வைத்திருக்கிறாள். பார்த்தேன்.

"நானும் வரேன்க்கா."

"நீ வேணாம். நீ வந்தா பயந்து போற மாதிரி ஆயிடும்."

கதையில் என்னை நாளைக் காலை அவள் ஏறப் போகும் பேருந்தில் ஏற்றிவிட எனக்கு ஒரு வரி போதும். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் உங்களை ஏற்றுகிறேன்.

ஏழரை மணி வண்டி. அவள் ஜன்னலோரம் உட்காருவாள், மடியில் பை இருக்கும். பக்கத்து இடம் உங்களுடையது. கட்டட நிறுத்தம் முதலில் வரும், ஆஸ்பத்திரி அதற்கு ஆறு நிறுத்தம் தள்ளி. பேச்சுக் கொடுத்தால் பேசுவாள். கிண்டல் பண்ணுவாள், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டட நிறுத்தத்தில் அவள் எழுந்தால், நீங்கள் காலை மடக்கி வழிவிட்டால்தான் இறங்க முடியும்.

மேலே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பிவிட்டது, பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.