வீடு தெரிந்த பொட்டலம்

"மனித குலம் இனிமேல் யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளத் தேவையில்லை" என்று ஹாரூன் அறிவித்தான். உயிர்த் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மீதி ஆண்டுகளையும் முடித்துவிட்டவனைப் போலப் பேசுவான். இடம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு. கேட்டவர்கள், படுக்கையில் இருந்த உம்மா ரசியாவும் பக்கத்தில் இருந்த சாச்சி, அதாவது சித்தி, நஸீமாவும்.

உம்மாவின் மார்பில் தொடங்கிய கட்டி ஈரலுக்குப் போயிருந்தது. கொடுத்த மருந்துகள் தோற்றுவிட்டன. இந்தப் புது மருந்தும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தன் கையில் வேறு பெரிதாக ஒன்றுமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

"உம்மா, நம்ம கடை தாப்பாவ் பொட்டலம் மாதிரிதான் இது. உள்ள இருக்கிறது வெறும் விஷம். அதைத் தூக்கிட்டுப் போறது ஆன்டிபாடி. அதுக்குக் கட்டியோட வீடு மட்டும்தான் தெரியும். வீட்டுக்குள்ள போனப்புறம்தான் ரப்பர் பேண்ட் அவிழும். அக்கம்பக்கத்துல ஒரு சொட்டு சிந்தாது."

"நம்ம கடையில சிந்தாத பொட்டலம் எதுடா?" என்றார் உம்மா. பத்து பாகாட் ஊரில் பல வருடமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தி, வீட்டுக்குக் கொண்டுபோகும் தாப்பாவ் பொட்டலங்கள் கட்டிக் கொடுப்பவர்.

இதற்குள் சாச்சி எழுந்து, முகக்கவசத்தை இறக்கி, பழுப்பு உறை போட்ட மருந்துப் பையின் அருகே ஓதத் தொடங்கியிருந்தார். ஓதி முடித்துப் பையின் மேல் ஊதினார்.

"சாச்சி, அது மூடின பிளாஸ்டிக். உங்க காத்து உள்ள போகாது. ஊதி ஆறவைக்க இது தே தாரிக் டீயும் இல்ல."

"நீ சும்மா இரு லா. படிக்கப் படிக்க உனக்கு வாய்தான் வளருது."

தாதி ஷாமளா சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்தை ஓடவிட்டார். சாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

கொஞ்ச நேரம்தான். உம்மாவின் கை நடுங்கியது. பிறகு தோள். பிறகு கட்டிலே ஆடியது.

"குளிருதுடா."

கழுத்து சிவந்து தடித்தது. மூச்சு இழுத்தது. ஹாரூன் கூப்பிடுவதற்குள் ஷாமளா ஓடி வந்து மருந்தை நிறுத்தினார். ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள், போர்வை மேல் போர்வை போர்த்தினார்கள்.

நடுக்கத்துக்கு நடுவே உம்மா கேட்டார். "ஏண்டா... ரப்பர் பேண்ட் வழியிலேயே அறுந்துருச்சா?"

இந்தக் கேள்விக்கு அவன் பாடப்புத்தகத்தில் ஒரு முழுப் பத்தி இருக்கிறது. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். 

"இல்ல உம்மா" என்றான். அவ்வளவுதான்.

டாக்டர் வந்து பார்த்தார். உடம்பு அடங்கினால் மிக மெதுவாக மறுபடி ஓடவிடலாம் என்றார். திரும்பவும் இப்படி வந்தால் இந்த மருந்து இவருக்கு இல்லை.

நடுக்கம் அடங்கியது. சிவப்பு இறங்கியது. உம்மா கண்ணை மூடிக் கிடந்தார். ஷாமளா கருவியில் வேகத்தைக் குறைத்து வைத்தார்.

"ஆரம்பிக்கலாமா தம்பி?"

"ஒரு நிமிஷம் மிஸ்ஸி. லேபிள்ல பேர் சரியா இருக்கான்னு பாத்துக்கிறேன்."

"நாங்க ரெண்டு பேர் பாத்தாச்சே."

"நானும் பாக்கிறேன்."

ஹாரூன் வாசலைப் பார்த்தான். சாச்சி இன்னும் திரும்பவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி, பைக்கு மிக அருகில் போய், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். உதடுகள் அசைந்தன. நடுவில் ஒரு வரி தவறியது, முதலிலிருந்து தொடங்கினான். ஷாமளா பொத்தானில் விரலை வைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவன் மெல்ல ஊதினான்.