அந்தத் தாளில் ஒரு ‘நாம்’

மன்ரோவியாவில் ஜூலை மழை கூரையைப் போட்டு உலுக்கியது. யாசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு, சுதந்திரப் பிரகடனம் எழுதி நான்கே நாள். அதற்குள், அமெரிக்காவிலிருந்து வந்து லைபீரியாவில் குடியேறிய டீஸ்லி ஐயா அவளுடைய மாமா மல்பாவைத் தன் வீட்டுக்கு வரவழைத்துவிட்டார். உள்நாட்டு வணிகப் பாதை மல்பா தலைவராக இருக்கும் ஊர் வழியாகத்தான் போகிறது. புதிய குடியரசை ஏற்பதாக அவர் தாளில் கையெழுத்துக்குப் பதில் ஒரு குறி போட வேண்டும். போட்டால் யாசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. பத்து வயதிலிருந்து இந்த வீட்டுத் துணியைத் துவைத்துக்கொண்டே எழுத்துக் கற்றவளுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

டீஸ்லி ஐயா ஆங்கிலத்தில் வாசித்தார். யாசா அதைத் தங்கள் க்பெலே மொழியில் மாமாவுக்குச் சொன்னாள்.

“லைபீரியா மக்களாகிய நாம, முன்னே அமெரிக்காவுல குடியிருந்தோம்.”

மல்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “நானா? ஆத்தைத் தாண்டவே எனக்குத் தலை சுத்தும். எப்பப் புள்ள கப்பலேறினேன்?”

யாசாவுக்குக் காது சூடேறியது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல். க்பெலேயில் நாம் வேறு, நாங்கள் வேறு.

“‘நாங்க’ன்னு வச்சுக்கோங்க மாமா.”

பிறந்த மண்ணிலேயே தங்களைச் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள், வரி மட்டும் கேட்டார்கள் என்ற இடத்தில் டீஸ்லி ஐயாவின் குரல் உடைந்தது. நடிப்பல்ல. அங்கே அடிமையாக இருந்தபோது விழுந்த சாட்டைத் தழும்புகளை அவர் முதுகில் யாசாவே பார்த்திருக்கிறாள்.

“பாவம்யா,” என்றார் மல்பா. மனதாரத்தான் சொன்னார். “சரி, இவங்க சபையில எங்காளு உக்காரலாமான்னு கேளு.”

கேட்டாள்.

“மொதல்ல நாகரிகம் வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார் டீஸ்லி ஐயா.

மல்பா மருமகளின் கவுனை மேலும் கீழும் பார்த்தார். “நீ சொன்ன அந்த ‘நாங்க’ல நீ உண்டா?”

அவளுக்கே தெரியவில்லை. திரும்பினாள். “ஐயா, இந்தத் தாள்ல நான் இருக்கேனா?”

“இதென்ன கேள்வி? நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. அவரைக் குறி போடச் சொல்லு.”

மாதிரி. பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு சொல்லைத்தான் அவளுக்குப் போட்டு வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வேலை ஒரு கணம் கண்ணில் நின்றது, போய்விட்டது.

“மாமா, தப்பாச் சொல்லிட்டேன். மொதல்ல இருந்து கேளுங்க. லைபீரியா மக்களாகிய அவங்க, முன்னே அமெரிக்காவுல குடியிருந்தாங்க.”

மல்பா மைக்கூட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

“என்ன சொன்னே அவர்கிட்ட?” டீஸ்லி ஐயா பதறினார்.

“நீங்க எழுதினதைத்தான் ஐயா.”