இன்ஜினை அணைக்கச் சொன்னவள்

அந்தக் கிடங்குக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்படி முதன்முறையாக உத்தரவு வந்த அன்று, மீசைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மீசை என்பது மற்ற டிரைவர்கள் வைத்த பெயர். காரணத்தை அவர் மூக்குக்குக் கீழே பார்த்தாலே தெரியும். இத்தனை வருடமும் நெடுந்தூர லாரியில் ஊர் ஊராக அலைந்தவர். மனைவி அந்தக் கிடங்கின் கேட் அறையில் சமீபத்தில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வரும் வண்டியின் எண்ணைப் பதிந்து, எடை பார்த்து, எந்த வாசலில் சரக்கு இறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. வேலை செய்யும் இடத்தில் அவளைப் பார்க்கப் போகிறோமே என்று மீசை கண்ணாடியில் ஒருமுறை தலையைக் கூட வாரிக்கொண்டார்.

வரிசை நத்தைபோல நகர்ந்தது. ஒவ்வொரு லாரியும் உறுமிக்கொண்டே நின்றது, ஒரு வண்டி நீளம் முன்னால் போனது, மறுபடியும் உறுமிக்கொண்டு நின்றது. ஒருவழியாகக் கேட் அறைச் சன்னலுக்கு நேரே வந்து சேர்ந்தபோது, உள்ளே முகம் முழுக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"டிரைவர், இன்ஜினை அணைங்க" என்றாள்.

"நான்தான்மா!" என்று மீசை பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நீங்கதான்னு தெரியுது. அணைங்க. நீங்க பேசுறது ஒண்ணும் கேக்கல."

பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அந்த ஆளுக்கு வெடி என்றே பெயர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். "மீசை, வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கத்தினார். மீசை முகம் சிவந்து, சாவியைத் திருப்பாமலே சீட்டை வாங்கிக்கொண்டு நழுவினார்.

மாலையில் வீடு திரும்பியபோது அவள் துண்டை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அடுப்புக்கரி கரைத்ததுபோல் கறுத்துப் போயிருந்தது. பிழிந்து ஊற்றி, மறுபடி தண்ணீர் பிடித்தாள். அதுவும் கறுப்பு. இடையிடையே இருமினாள். மீசை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அது தன் வண்டியின் புகையும் சேர்ந்த கறுப்பு என்பது அவருக்குச் சுருக்கென்று உறைத்தது.

"தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்குப் பரவாயில்ல. காத்து அடிச்சுது."

"ஏம்மா, எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொன்னேனே. அணைங்கன்னு. அணைச்சீங்களா?"

மீசை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எங்க நிலைமையையும் பாரு. வரிசை நகரும்போது நாம நகரலைன்னா, நடுவுல ஒருத்தன் மூக்கை நுழைச்சிடுவான். அப்புறம் பொழுது போன மாதிரிதான். அதான் யாரும் சாவியில கை வைக்க மாட்டான்."

அவள் துண்டைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "அப்ப, இடம் போகாதுன்னு உறுதியாத் தெரிஞ்சா அணைப்பீங்களா?"

"கண்டிப்பா. டீசல் என்ன சும்மாவா வருது? மணிக்கணக்கா நின்ன இடத்துலயே எரியுது. முதலாளி எங்களைத்தான் திட்டறாரு."

அவள் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் மண்டைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம். இது மீசைக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோன விஷயம்.

மறுநாளே அவள் மேலாளரிடம் போய் நின்றாள். கேட்டை ஒட்டி ஒரு பெரிய திடல் சும்மாதான் கிடந்தது. லாரிகள் வரிசையில் நிற்க வேண்டாம், வந்த வரிசைப்படி எண் வாங்கிக்கொண்டு அந்தத் திடலில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடட்டும், முறை வரும்போது ஒலிபெருக்கியில் கூப்பிடலாம் என்றாள். மேலாளர் நல்ல மனிதர்தான். தலையைச் சொறிந்தார்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இத்தனை இன்ஜின் சத்தத்துல ஒலிபெருக்கி யாருக்கு கேக்கும்?"

"அணைச்சவங்களுக்குக் கேக்கும் சார்."

"அணைக்காதவங்களுக்கு?"

"கேக்காது. அவங்க முறை போயிடும்."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "செஞ்சு பாரு. ஆனா ஒண்ணு. டிரைவருங்க சண்டைக்கு வந்தா நீதான் சமாளிக்கணும்."

சண்டைக்கு வராமலா இருப்பார்கள்? முதல் நாளே வெடி வந்தார். திடலில் நிறுத்தினாரே தவிர அணைக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றைப் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவர் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அசைவே இல்லை. அடுத்த வண்டி உள்ளே போய், அதற்கடுத்ததும் போன பிறகு கண்விழித்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் கேட் அறைக்கு ஓடிவந்தார்.

"எனக்கப்புறம் வந்தவன்லாம் உள்ள போறான்! இது என்ன நியாயம்?"

"கூப்பிட்டேன் அண்ணே. இன்ஜின் ஓடிட்டு இருந்துச்சு, உங்க காதுல விழல."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும். கடைசியில இருக்கிற வண்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் வெடியே நமத்துப் போனார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? போகும்போது, "எங்களுக்குத்தான் இந்தச் சட்டமெல்லாம். நாளைக்கு உன் வீட்டுக்காரர் வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு திடல் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்தால் அதே பேச்சு. மீசைக்குச் சலுகை கிடைக்குமா, கிடைக்காதா?

மீசை அந்த வாரக் கடைசியில் வந்தார். எல்லாரும் பார்க்கும்படி திடலின் நடுவில் வண்டியை நிறுத்தி, சாவியை ஒரே திருப்பாகத் திருப்பி அணைத்தார். இறங்கி, மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பாத்துக்கங்கப்பா, முதல்ல நம்ம வண்டிதான் அமைதி" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் திடலில் அவர்கள் யாருமே அதுவரை கேட்டிராத ஒரு நிசப்தம் வந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ துணி துவைக்கிற சத்தம்கூடக் கேட்டது. டிரைவர்கள் கத்தாமல் பேசிக்கொண்டார்கள். வெடிகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

மீசையின் எண் ஒலித்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினார். டக். வண்டியை அணைக்கவே அணைக்காத மனிதருக்கு பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருப்பது எப்படித் தெரியும்? காலையில் ஒருதரம் கிளம்பினால் மாலைவரை ஓடிக்கொண்டே இருந்த வண்டி அது.

அவர் எண் இரண்டாம் முறை ஒலித்தது. திடலில் இருந்த அத்தனை தலைகளும் கேட் அறையின் பக்கம் திரும்பின. மீசை கண்ணாடி வழியாகப் பார்த்தார். சன்னலில் அவள் முகம் தெரிந்தது. துண்டு இல்லை. அவளும் அவரைத்தான் பார்த்தாள். ஒரு கணம், 'கொஞ்சம் பொறும்மா' என்று கை காட்டலாமா என்று அவருக்குத் தோன்றியது. கை பாதிவரை எழும்பவும் செய்தது. அதை அப்படியே இறக்கிக்கொண்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த வண்டியின் எண்ணைக் கூப்பிட்டாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அடுத்த லாரி மெதுவாக மீசையைக் கடந்து உள்ளே போனது. மீசைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் தலைகுனிவு வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்குக் கண் கலங்கியது, உதட்டில் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இன்ஜின் மூடியைத் தூக்கிவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் சிரித்தார். இத்தனை ஆண்கள் நடுவில், கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல், சொன்ன சொல்லில் நின்றாளே!

பக்கத்தில் நிழல் விழுந்தது. வெடி, கையில் கேபிளோடு நின்றார்.

"நகரு மீசை. என் பேட்டரியிலேர்ந்து இழுக்கலாம்."

"உனக்கு எதுக்கு சிரமம்?"

"சிரமம் என்ன பெரிய சிரமம்?" வெடி கேபிளை மாட்டியபடியே சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்யா. உன் வண்டியையே வரிசையில பின்னால தள்ளி விட்டுட்டாங்க. இனிமே அந்தம்மா சொன்னா நான் அணைக்கிறேன். வேற எவன் மறுத்தாலும் நான் கேப்பேன்."

வண்டி இருமிக்கொண்டு உயிர்பெற்றது. அன்று மீசை கடைசியாகத்தான் சரக்கை இறக்கினார். எடை மேடையில் ஏறியதும், சொல்லாமலே இன்ஜினை அணைத்தார். இந்தமுறை ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ள ஆள் இருக்கிறது என்ற தைரியம்.

அவள் சீட்டை நீட்டினாள். "கோபமா?"

"பேட்டரி மேலதான்" என்றார்.

"வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாத்திடுங்க."

"உத்தரவு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்தது" என்றாள். அடுத்தது யாரும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் திடலில் யாரும் தகராறு செய்யவில்லை. மற்ற கிடங்குகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை மேலாளர் தானே சுற்றிக் காட்டுவார்; யோசனை யாருடையது என்று கேட்டால் மட்டும் கேட் அறையைக் கை காட்டுவார். அவள் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சாயங்காலம் சில நாள் கேட் அறைச் சன்னலைத் திறந்து வைத்தே வேலை பார்த்தாள்.

ஒருநாள் வெகு தூரத்தில், நெடுஞ்சாலையோர டீக்கடையில், முன்பின் தெரியாத ஒரு டிரைவர் இன்னொருவரிடம் அந்தக் கிடங்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க ஒரு அம்மா இருக்காங்க. சொந்தப் புருஷன் வண்டியையே வரிசையில கடைசிக்குத் தள்ளி விட்டவங்க. அங்க போய் இன்ஜினை ஓடவிட்டுடாதே."

மீசை டீயைக் கீழே வைத்தார். அவருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவர்கள் எதிரில் நின்று, மீசையை ஒருதரம் நீவிவிட்டுக்கொண்டு, "அந்தப் புருஷன் நான்தான்" என்றார்.