இரண்டாவது எனலேசி

பள்ளிக்கூட வேலியை ஒட்டி அடுப்பு மூட்டி மந்தாசி என்னும் எண்ணெய்ப் பலகாரம் சுட்டு விற்கும் எனலேசியிடம்தான் அந்த வெள்ளைக்கார அம்மாள் வழி கேட்டாள்.

மொய்ரா என்று பெயர். ஸ்காட்லாந்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் சம்பளம் வாங்காமல் நடத்திய தொண்டு அமைப்புதான் மலாவி ஏரிக்கரைக் கிராமங்களில் வகுப்பறைகள் கட்டித் தந்தது. ஏழைப் பெண்பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளி விடுதிக்கு அனுப்பியது. சனிக்கிழமை புது நூலகத்துக்குத் திறப்பு விழா. மொய்ரா இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல்முறை.

டிரைவர் வைசன் அவள் பேச்சை மொழிபெயர்த்தான். "எனலேசி கபலமுலான்னு ஒரு பொண்ணாம்க்கா. ஆறு வருஷம் இவங்கதான் படிக்க வச்சாங்களாம். அவளைப் பாக்கணும்னு ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பி வந்துட்டாங்க."

சட்டியில் மந்தாசி கருகியது. அந்த ஊரில் அந்தப் பெயர் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு.

"படம் ஏதும் வச்சிருக்காங்களா?"

மொய்ரா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பள்ளிச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தாள் தமந்தா. கல்விக் கமிட்டித் தலைவர் கடெவேரேயின் மகள்.

பதின்மூன்று வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புத் தேர்வில் எனலேசிதான் முதல். தொண்டு அமைப்பினர் வீட்டுக்கே வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதம் கடெவேரே வந்து, "பட்டியல்ல உன் பொண்ணு பேர் வரலம்மா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றார். அவர் பட்ட பாட்டுக்காக அம்மா ஒரு கோழியைப் பிடித்துக் கொடுத்தனுப்பினாள். பதினாறு வயதில் எனலேசியை ஒரு மீனவனுக்குக் கட்டி வைத்தார்கள். இத்தனை வருடமும், தனக்கு மூளை போதவில்லை என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். மற்றதைக்கூட மன்னித்திருப்பாள். இதை மன்னிக்க முடியவில்லை.

"பாவம் அந்தப் பொண்ணு, படிக்கும்போதே அம்மா செத்துட்டாங்கன்னு கடுதாசி போட்டாளாம். இவங்க ரெண்டு நாள் சாப்பிடலையாம்" என்றான் வைசன்.

எனலேசி கருகியதை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச பொண்ணுதான். சனிக்கிழமை விழாவுக்கு வருவா. மேடையில முழுப்பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லு தம்பி. அவளுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும்."

மறுநாள் மத்தியானம் கடெவேரே அவள் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் சைக்கிளில் ஒரு மூட்டை சோளமாவு.

"சுகாதாரத்துறை ஆளுங்க வராங்களாம் எனலேசி. ரோட்டோரம் பலகாரம் விக்கிறவங்களைப் பிடிப்பாங்க. ஒரு வாரம் உன் அக்கா ஊர்ல இருந்துட்டு வா. அம்மாவையும் கூட்டிட்டுப் போ. மாவு என் செலவு."

"அய்யா மனசு யாருக்கு வரும்!" என்று மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி அந்த மாவில் களி கிளறி, பொரித்த மீனோடு அம்மாவுக்கு வயிறு நிறையப் போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக் கொன்னுட்டாங்களா? கோழியும் வாங்கித் தின்னுட்டா?"

சனிக்கிழமை பந்தலில் ஊரே கூடியிருந்தது. முன்வரிசையில் புதுத் துணி உடுத்தித் தமந்தா உட்கார்ந்திருந்தாள். நகரத்துப் பள்ளியில் ஆசிரியை. அங்கே அவளுக்குப் பெயர் எனலேசி. காலையில் அப்பா தன் வீட்டுக்குள் வைத்து அவளை மொய்ராவுக்கு அறிமுகம் செய்திருந்தார். "கூச்சப்படுற பொண்ணு. கூட்டத்துல பேரைச் சொல்லிடாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். மகளின் அடக்கத்தைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்ததாக நினைத்துக்கொண்டார். மேடையில் கூப்பிட்டால் பெருமைப்படுவாள் என்று மொய்ராவிடம் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மொய்ரா ஒலிபெருக்கியைப் பிடித்து, எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டாள்.

"எனலேசி கபலமுலா!"

தமந்தா பாதி எழுந்தாள். ஊர் ஜனம் முழுவதும் பின்னால் திரும்பி மந்தாசிக்காரியைத் தேடியது. அதைக் கண்டு தமந்தா மறுபடி உட்கார்ந்தாள்.

எனலேசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். "நான்தான் எனலேசி. இந்த ஊர்ல வேற யாரும் இருந்தா கையத் தூக்கட்டும்."

"இவளுக்குப் புத்தி சரியில்ல, இறக்குங்கப்பா!" என்று கத்தினார் கடெவேரே.

"சரியில்லாத புத்திதானே அன்னிக்கு முதல்ல வந்துச்சு?" என்றவள் வைசன் பக்கம் திரும்பினாள். "அந்தம்மாகிட்டச் சொல்லு தம்பி. செத்துப்போன என் அம்மா வந்திருக்காங்க."

அம்மா கைத்தடியை ஊன்றி முன்னால் வந்தாள். "நல்லாப் பாருங்க தலைவரே. பேயின்னு பயந்துடாதீங்க. என் சாவுக்கு எத்தனை பேர் வந்தாங்க? சோறு போட்டீங்களா?"

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் தொடங்கி முன்வரிசை வரைக்கும் வந்தது. கடெவேரே வாய் திறக்கும்போதெல்லாம் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஊர்த்தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "கமிட்டி சாவியை இங்க வை" என்று கையை நீட்டினார். கடெவேரே சட்டைப் பையைத் துழாவினார். சாவி இரண்டு தடவை தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்ததை எனலேசி இமைக்காமல் பார்த்தாள்.

சாயங்காலம் தமந்தா தனியாக வந்தாள்.

"கல்வி ஆபீசுக்குப் போயிடாத எனலேசி. என் வேலையே போயிடும். அப்போ எனக்குப் பதிமூணு வயசு. அப்பா சொன்னதைச் செஞ்சேன்."

"எனக்கும் பதிமூணுதான்டி. என் அம்மாவைச் சாகடிக்கச் சொன்னதும் உங்கப்பாவா?"

தமந்தா தலைகுனிந்தாள். "இல்ல. அது நானாத்தான் எழுதினேன்."

"அப்போ கிளம்பு."

திங்கட்கிழமை முதல் பேருந்தில் எனலேசி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். மொய்ராவும் கூடப் போய், ஆறு வருடக் கடிதங்களையும் மேசைமேல் வைத்தாள். திரும்பும் வழியில், "அவளை மன்னிக்க முடியுமா?" என்று வைசன் மூலம் கேட்டாள்.

"முடியாதுன்னு சொல்லு."

வைசன் அதைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லப் பார்த்தான். "நான் சொன்னபடியே சொல்லு தம்பி" என்றாள்.

இரண்டு மாதத்தில் தமந்தாவின் வேலை போயிற்று. கடெவேரே வீட்டை விற்றுவிட்டுத் தலைநகரத்துக்குப் போய்விட்டார். அப்பன் செய்ததற்குப் பெண்ணை ஏன் அழித்தாள் என்று சிலர் எனலேசியிடம் மந்தாசி வாங்குவதை நிறுத்தினார்கள். அவள் அடுப்பைப் படகுத்துறைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். அங்கே வியாபாரம் சுமார்தான். மொய்ராவின் அமைப்பு அவளை மாலை நேர உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தது. தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து முதல் கணக்குத் தேர்வு எழுதினாள். பாதிக்கு மேல் தப்பு.

"பரவாயில்ல, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் வாத்தியார்.

"பரவாயில்லன்னு சொல்லாதீங்க சார்" என்றாள் அவள். "எது தப்புன்னு இப்பவே காட்டுங்க."